கசக்கிறதா என்று கேட்பது என் வேலை

முகமூடி ஒருவர் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டுவேன். முன்பக்கம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். மூக்குக்கு நேரே ஒரு சிறு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் கசப்பு நீரைப் பனிபோலத் தெளிப்பேன். இதற்கு இரண்டு பாட்டில்கள் உண்டு. முதல் பாட்டில் நாக்கைச் சோதிக்க. முகமூடி இல்லாமல், வாயைத் திறந்து மூச்சு விட வேண்டும். முகம் கோணினால் நாக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு வாயைக் கொப்பளித்து, டீ குடித்து, நாக்கு தெளிந்ததும் முகமூடியைப் போட்டுக்கொண்டு மறுபடி உறைக்குள் தலையை நுழைக்க வேண்டும். இரண்டாம் பாட்டில் அப்போதுதான். அது முதலாவதைவிடப் பல மடங்கு கசப்பு. தலையை இடமும் வலமும் திருப்பு, மேலே பார், குனி, ஏதாவது பேசு என்பேன். நடுநடுவே கசக்கிறதா என்று கேட்பேன். கசக்கவில்லை என்றால் முகமூடி பொருந்துகிறது, குகைக்குள் போகலாம். கசந்தால் எங்கோ இடுக்கு இருக்கிறது, போகக் கூடாது.

இதனால் ஆய்வு நிலையத்தில் எனக்குக் கசப்பம்மா என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். நானும் சிரித்துக்கொண்டே என்னவென்று கேட்பேன்.

நீங்கள் விசாரணைக்கு வந்த அன்று என் தோழியின் முகமூடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். வெளிச்சத்தில் பிடித்தீர்கள், ரப்பரை இழுத்துப் பார்த்தீர்கள். அதில் ஒரு குறையும் இல்லை. நல்ல முகமூடி. உங்களுக்கு வீண் வேலை வைக்க வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் நிலையத்தில் மேல் மாடி வௌவால்களுக்கு, கீழ் மாடி மனிதர்களுக்கு. மேலே இருப்பவர்கள் குகையில் எத்தனை வௌவால்கள் இருக்கின்றன, கூடுகின்றனவா குறைகின்றனவா என்று பார்ப்பவர்கள். கீழே இருக்கும் நாங்கள், அந்தக் குகையின் காற்றைச் சுவாசிக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பவர்கள். வௌவால் எச்சம் காய்ந்து தூசியாகும். அதில் ஒரு பூஞ்சை வளரும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் குடியேறும். பலருக்கு ஒரு வாரக் காய்ச்சலோடு போய்விடும், ஜலதோஷம் என்று நினைத்துக்கொள்வார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அப்படிப் போகாது. இதைப்பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் எங்கள் நிலையத்தில் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை.

குகையின் உள்கோடியில் ஒரு அறை இருக்கிறது. பிரசவ அறை என்போம். குட்டி போடும் பருவத்தில் தாய் வௌவால்கள் எல்லாம் அங்கேதான் கூடும். சத்தம் கேட்டாலோ வெளிச்சம் பட்டாலோ மிரண்டு பறக்கும். குட்டிகள் பிடி விட்டுத் தரையில் விழும். விழுந்தது பிழைக்காது. அதனால் ஒரு வழக்கம். அந்த அறைக்குள் ஒரே ஆள்தான் போகலாம். பருவம் முழுவதும் அதே ஆள். வருடா வருடம் அதே ஆள். அந்த நடை, அந்த வாடை, அந்தச் சிவப்பு விளக்கைப் பிடிக்கிற விதம் எல்லாம் அவற்றுக்குப் பழகிவிடும். மற்றவர்கள் அந்தி நேரத்தில் குகை வாயிலில் உட்கார்ந்து வெளியே வருபவற்றை எண்ணுவதோடு சரி. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்த ஒரு ஆள் வந்து சொன்னால்தான் உண்டு.

அந்த ஒரு ஆள் முதலில் நான்தான்.

நான் உள்ளே போன முதல் தடவை அடுப்படியில் நிற்பது போலிருந்தது, அவ்வளவு சூடு. அத்தனை உடம்புகளின் சூடு. கூரை முழுக்க முடியில்லாத குட்டிகள், ரோஜா நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. இரை தேடப் போன தாய் திரும்பி வந்து அந்தக் கூச்சலுக்கு நடுவே தன் குட்டியின் குரலைப் பிரித்துக் கண்டுபிடிக்கும். பார்த்துக்கொண்டே நின்றேன், காகிதத்தில் எண் எழுத மறந்துவிட்டது. அப்போது எனக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் வருவேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சூட்டில் நின்றபோது வீட்டு நினைவே வரவில்லை. நிலையத்தில் எல்லோரும் என்னை வௌவாலம்மா என்று கூப்பிட்டார்கள். ஆம், பிறகு என் தோழிக்குப் போன அந்தப் பெயர் முதலில் எனக்கு வைத்ததுதான். இப்போது யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

என் தோழி நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சேர்ந்தவள். இருவருக்கும் ஒரே மேசை. என் டப்பாவிலிருந்து அவள் சாப்பிடுவாள், அவள் குடையில் நான் வீட்டுக்குப் போவேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். என் மகளுக்கு அவள் சித்தி. கூடப் பிறக்காத குறைதான் என்று எல்லோரும் சொல்வார்கள்.

எனக்கு இளைப்பு உண்டு. சின்ன வயதிலிருந்தே. வேலைக்குச் சேரும்போது சொல்லவில்லை. இன்ஹேலரைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு குகைக்குப் போவேன், தேவைப்பட்டால் ஒரு திருப்பத்தில் ஒதுங்கி இழுத்துக்கொள்வேன். ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள். அன்று மாலையே நிலைய இயக்குநரிடம் போட்டுக்கொடுத்தாள். அவளைக் கேட்டால் இந்தச் சொல்லை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"உனக்கு உள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா என்னால தாங்க முடியாதுடி. குழந்தை இருக்கா உனக்கு. என் மேல கோபமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இல்லடி," என்றேன்.

இயக்குநர் நல்ல மனிதர். என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. கீழ் மாடியில் ஆள் தேவைப்படுகிறது, உடம்புக்கும் நல்லது என்றார். பிரசவ அறைக்கு ஒரு ஆள் வேண்டுமே. அவள் போனாள்.

அவள் வேண்டுமென்றே செய்தாள் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள். அதுதான் கஷ்டமே. கெட்டவள் என்றால் திட்டித் தீர்த்துவிட்டுத் தலைமுழுகியிருப்பேன். அவளோ குகையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு, நேரே கீழே என் அறைக்கு வருவாள். நான் ஏங்கிப்போயிருப்பேன் என்று, பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். வௌவால்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். ஓயாமல் கீச்சிடும் ஒரு கிழட்டுத் தாய்க்கு மாமியார் என்று பெயர். அந்த மாமியாரை முதலில் பிடித்து அதன் கையில் அடையாள வளையம் மாட்டியவள் நான். அவள் சொல்லச் சொல்ல நான் தலையாட்டுவேன், டீயில் சர்க்கரை போட்டுக் கலக்குவேன். பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் பொறாமையை யாரும் ஆசைப்பட்டு வளர்ப்பதில்லை. அதற்குத் தினமும் வந்து தண்ணீர் ஊற்றினவள் அவள்தான்.

பத்திரிகைகளில் அவள் படம் வந்தது. வெளிநாட்டுக் கூட்டங்களில் பேசினாள். சில தாய் வௌவால்கள் அடுத்தவள் குட்டிக்கும் பால் கொடுக்கின்றன என்று அவள் கவனித்துச் சொன்னது பெரிய பேச்சாயிற்று. நானும் அதைப் பார்த்திருக்கிறேன். என் கண் தவறு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வீட்டில் நடந்ததுதான் பொறுக்க முடியாமல் போயிற்று. மகள் பள்ளியில் படிக்கும்போதே விடுமுறையானால் சித்தி வீடு. சித்தி வெட்டிவிட்ட மாதிரியே தலைமுடி. சித்தி சொன்ன புத்தகம். ஒருநாள் சாப்பிடும்போது, படித்து முடித்ததும் சித்தி மாதிரி ஆவேன் என்றாள்.

"நான் என்ன வேலை பண்றேன்னு உனக்குத் தெரியுமாடி?" என்று கேட்டேன்.

"தெரியுமே. கசப்பு ஊத்துவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். குழந்தைதானே. நானும் சிரித்தேன்.

மகள் கல்லூரி முடித்து, எங்கள் நிலையத்திலேயே மேல் மாடியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். அதே சமயத்தில்தான் அவளுக்கு, என் தோழிக்கு, மூட்டு வலி ஆரம்பித்தது. முதலில் விரல்கள், பிறகு முழங்கால். வெளியே ஒரு மருத்துவரிடம் போய் மருந்து வாங்கினாள். உடம்பே தன் மூட்டுகளைத் தாக்குகிற நோய். அதை அடக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குகைக்குள் போகக் கூடாது. அந்த விதியை நிலையத்தில் எழுதிவைத்தவளே நான்தான்.

மாத்திரை அட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"உன்கிட்ட மட்டும்தான்டி சொல்றேன். மேல தெரிஞ்சா என்னை வெளிய உட்கார வச்சிடுவாங்க. அந்த அறை இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

தான் என்ன கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம் என்று அவளுக்கு உறைக்கிறதா என்று பார்த்தேன். உறைக்கவில்லை. என் இன்ஹேலர் அவளுக்கு ஞாபகமே இல்லை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றேன்.

சொல்லவும் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்யவில்லை. இயக்குநரிடம் ஓடவில்லை. அவள் ஆசைப்பட்டதைத்தான் கொடுத்தேன்.

பருவம் தொடங்கும் முன் எல்லோருக்கும் முகமூடிச் சோதனை. அவள் பாதியாக இளைத்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முதல் பாட்டில் கசந்தது. முகமூடி போட்டு, இரண்டாம் பாட்டிலைத் தெளித்ததும் தலையை ஆட்டினாள்.

"கசக்குதுடி. மோவாய்கிட்ட நிக்கவே இல்ல. சின்ன சைஸ் இருக்கா?"

"சொல்லித்தான் வரவழைக்கணும். பருவம் முடிஞ்சிடும்," என்றேன்.

சின்ன அளவு இருந்தது. ஒவ்வொரு வருடச் சரக்கிலும் ஒன்று வரும். நிலையத்தில் அவ்வளவு சின்ன முகம் எனக்கு மட்டும்தான் என்பதால், அதை ஒரு பெட்டியில் போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருப்பேன். என்றைக்காவது என்னை மறுபடி மேலே கூப்பிட்டால் வேண்டுமே. என் இளைப்பு அடங்கி வருடங்கள் ஆகின்றன. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது எனக்கென்று எடுத்துவைத்த பொருள். அதைக் கொடுக்கவில்லை என்பது குற்றமாகுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் முகம் விழுந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பாவமாக இருந்தது.

"வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பாத்துடலாம். போய் வாயைக் கொப்பளிச்சு, ஒரு டீ குடிச்சிட்டு வா," என்றேன்.

அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் இன்னொரு பாட்டிலை எடுத்துக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்தேன். அதே அளவு, அதே மூடி.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். வாரை இறுக்கினேன். உறையை மாட்டினேன். தெளித்தேன். தலையைத் திருப்பினாள், நிமிர்ந்தாள், குனிந்தாள். ஏதாவது பேசு என்றதும் உறைக்குள்ளிருந்து வௌவால் கதைதான். மாமியார் இந்த வருடமும் குட்டி போடுமா, வயதாகிவிட்டதே, போட்டால் என்ன பெயர் வைக்கலாம் என்றாள்.

"கசக்குதா?"

"இல்லடி. துளிகூட இல்ல. நீ இறுக்கினதுல சரியாயிடுச்சு. நீ தங்கம்டி."

உறையைக் கழற்றியதும் என்னைக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாது என்று கீழ்த்தட்டில், அந்தப் பெட்டிக்குப் பின்னால், கைக்கு எட்டாத மாதிரி தள்ளி வைத்தேன். மற்றவர்கள் பாதுகாப்பில் நான் என்றும் அலட்சியமாக இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சோதனை ஒரு சம்பிரதாயம்தான். எச்சம் அள்ளி உரத்துக்கு விற்கிறவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு குகைக்குள் போய்வருகிறார்கள். அவர்களில் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. அவளுக்கும் ஒன்றும் ஆகாமலே போயிருக்கலாம் இல்லையா. நான் அவளைக் கையைப் பிடித்துக் குகைக்குள் தள்ளவில்லை. அவளே போனாள், சிரித்துக்கொண்டு போனாள்.

பருவம் முடியும் முன்பே இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். பிறகு படி ஏற முடியவில்லை. மருத்துவமனையில் சேர்த்தோம். நானும் மகளும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். பகலில் பெரும்பாலும் நான்தான். முகம் துடைத்துவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் நீங்கள் அக்கா தங்கையா என்று கேட்டார்கள்.

நுரையீரல் மருத்துவர் இளைஞர், கெட்டிக்காரர். மூட்டு நோய்க்கு அவள் சாப்பிடும் மருந்தெல்லாம் அவருக்குத் தெரியும். என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"குகைத் தூசி உள்ள போயிருக்க வாய்ப்பு இருக்காங்க?"

"மாஸ்க் போட்டுத்தான் டாக்டர் போவாங்க. பொருந்துதான்னு நானே செக் பண்ணேன்."

அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். கட்டிலிலிருந்தே, "இவ பாத்தா தப்பே இருக்காது டாக்டர்," என்றாள்.

அதற்குப் பிறகு அவருக்கு என்ன சந்தேகம் வரும்? மூட்டு நோய்தான் நுரையீரலுக்கும் பரவியிருக்கிறது என்று முடிவு செய்து, அதே மாத்திரையின் அளவை ஏற்றினார். எதிர்ப்புச் சக்தி இன்னும் குறையும், பூஞ்சைக்கு வாசல் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். மருத்துவம் பார்ப்பது அவர் வேலை.

ஒருநாள் மத்தியானம் அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"என் இடத்துக்கு யார் போகணும்னு சார்கிட்ட சொல்லிட்டேன்டி. தெரிஞ்சா நீ ரொம்ப சந்தோஷப்படுவ."

இத்தனை வருடம் கழித்து அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். அவள்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நிமிடமே வடிந்துவிட்டது. குனிந்து அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். மறுநாள் காலையில் மருத்துவரிடம் போய், எதற்கும் பூஞ்சைக்கு ஒரு சோதனை செய்து பார்த்துவிடுங்கள் என்று நானாகவே சொன்னேன். யாரும் கேட்காமல் நானாகச் சொன்னது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சோதனையில் பூஞ்சை தெரிந்தது. மருந்து ஏற்றினார்கள். ஆனால் அதற்குள் அது நுரையீரலைத் தாண்டி எல்லா இடத்துக்கும் போய்விட்டது. முன்பே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் மிகவும் வருத்தப்பட்டார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

அவளுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் கீழ்த்தட்டுப் பெட்டியைப் பிரித்தேன். சின்ன முகமூடியை எனக்கு நானே சோதித்துப் பார்த்தேன். இரண்டு பாட்டில்களையும் புதிதாகத் திறந்தேன். தலையைத் திருப்பி, குனிந்து, நிமிர்ந்து, பேசி, சந்தேகம் தீரும்வரை பலமுறை தெளித்துப் பார்த்தேன். துளியும் கசக்கவில்லை. திருப்தியாகத் துடைத்து மறுபடி பெட்டியில் வைத்தேன்.

அவள் போனாள். நான் அழுதேன், அது நடிப்பில்லை. கூடவே இருந்தவள் இல்லையா.

காரியங்கள் எல்லாம் முடிந்து, அடுத்த பருவம் நெருங்கியபோது இயக்குநர் தன் அறைக்கு அழைத்தார். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே என் மகளும் உட்கார்ந்திருந்தாள். தாயைக் கௌரவிக்கும்போது மகளும் இருக்கட்டும் என்று கூப்பிட்டிருப்பார் என்று நினைத்தேன்.

"அவங்க கடைசியா என்கிட்ட சொன்னது உங்க பொண்ணத்தான். பெத்தவங்களுக்கு இதைவிடப் பெருமை வேற என்னம்மா இருக்கு?" என்றார்.

"ஆமா சார்," என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன் என்றுதான் நினைவு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் பிரசவ அறையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். கூரை எப்படி இருக்கும், சூடு எப்படி இருக்கும், சித்தி என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாள் என்று. அந்த அறையின் சூடு எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன வாரம் சோதனைக்கு வந்தாள். சித்தியின் முகமூடியையே கொடு என்றாள். கழுவிக் காயவைத்தது தயாராக இருந்தது. அவளுக்கு என் முகவெட்டு, சின்ன மோவாய். அது அவளுக்குப் பெரிதாக இருக்கும் என்று பார்த்தாலே தெரியும். ஆனாலும் ஆசைப்பட்டுக் கேட்கிறாள், கொடுத்தேன்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் சரியாகச் செய்வதற்கு முன் ஒருமுறை வேண்டுமென்றே தப்பாகச் செய்து பார்ப்பாள். தப்பு தப்பாகவே தெரிகிறதா என்று பார்த்தால்தான் சரியை நம்ப முடியும் என்பாள். அவள் சித்தி சொல்லிக்கொடுத்தது. முகமூடி பொருந்தியிருந்தால் சித்திக்குள் தூசி எப்படிப் போயிற்று என்று அவள் அதுவரை என்னிடம் கேட்கவில்லை. வேறு யாரிடமும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதல் பாட்டிலில் முகத்தைச் சுளித்தாள். கொப்பளித்து, டீ குடித்துவிட்டு வந்தாள். முகமூடியைப் போட்டுக்கொண்டாள். உறையை மாட்டினேன். இரண்டாம் பாட்டிலைத் தெளித்தேன்.

"தலையைத் திருப்பு," என்றேன்.

திருப்பவில்லை. உறைக்குக் கீழே கையை விட்டாள். வாரைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது தொண்டை வலி என்றால் எனக்குக் காட்டுவாளே, அதே மாதிரி வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கை நீட்டி, அந்த பிளாஸ்டிக் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அடிம்மா," என்றாள்.

அடித்தேன். நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாக்கில் ஈரம் படிவது தெரிந்தது. அவள் வாயை மூடி விழுங்கினாள்.

"கசக்கலையேம்மா."

அன்று கசக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. அவளாகத்தான் சொன்னாள். உறையைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழுந்து போனாள். உங்களிடம்தான் வந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அவள் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ, அதை நீங்கள் பேசித் திருத்த வேண்டும். என் தோழி விஷயத்தில் நான் செய்ததைச் செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் இது வேறு. வயிற்றில் சுமந்து பெற்ற பெண். அன்று மேல்தட்டில், கண்ணுக்கு நேரே புதிய பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றை எடுக்காமல் அந்தப் பழைய தண்ணீர் பாட்டிலை எடுத்தது வெறும் கைத்தவறு. எத்தனை வருடப் பழக்கம், கை தானாகப் போகிறது. குனிந்து, அந்தப் பெட்டியை நகர்த்தி, பின்னாலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.